பார்க்கும் கண்ணும் தடுக்கும் கையும்: திண்டுக்கல்லில் பொது சுகாதாரப் பொறுப்பு யாரிடம்?

1. கேள்வி

காலையில் குழாய் திறந்துவிடும் நேரம். தெருவின் கடைசி வீட்டுக் குழாயடியில் சுகாதார ஆய்வாளர் நிற்கிறார். சிறிய கண்ணாடிக் குழலில் தண்ணீரைப் பிடித்து, அதில் சில சொட்டு வேதிக்கரைசலை விடுகிறார். தண்ணீர் மஞ்சளாக மாறினால் குளோரின் கடைசி வீடு வரை வந்திருக்கிறது என்று பொருள். ஒரு லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியக் குடிநீர்த் தரத்தின் விதி. நிறம் மாறவில்லை என்றால் வழியில் எங்கோ குழாய் உடைந்து சாக்கடை கலந்திருக்கலாம், அல்லது மேல்நிலைத் தொட்டியில் குளோரின் போதுமான அளவு கலக்கப்படாமல் இருந்திருக்கலாம்.

தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் காணக்கூடிய காட்சி இது. ஆனால் இதற்கு அடுத்த கணத்தில் என்ன நடக்கிறது என்பதை நாம் அதிகம் கவனிப்பதில்லை. நிறம் மாறாத தண்ணீரைக் கையில் வைத்திருக்கும் அந்த ஆய்வாளரால் வால்வை அடைக்க முடியாது. அது பொறியியல் பிரிவின் வேலை. வெகுதூரத்திலிருந்து வரும் பெரிய குழாயைத் தொட முடியாது. அது குடிநீர் வடிகால் வாரியத்தின் பொறுப்பு. நிலத்தடி நீரில் ஆலைக் கழிவு கலந்திருந்தால் மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத வேண்டும். அவர் ஆபத்தைப் பார்க்கிறார், குறிப்பேட்டில் பதிகிறார், மேலே அனுப்புகிறார்.

ஓர் ஊரின் பாதுகாப்பைக் காக்கும் அமைப்பில் ஆபத்தை முதலில் பார்க்கும் கண்ணும் அதைத் தடுக்கும் கையும் ஒரே உடலில் இருக்கின்றனவா? திண்டுக்கல் நகரத்தையும் அதைச் சுற்றிய சமவெளியையும் வைத்து இந்தக் கேள்வியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். திண்டுக்கல்லைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. கிராமப்புறச் சுகாதாரத்தில் இந்தியா முழுவதும் பேசப்பட்ட ஒரு முயற்சியும், நிலத்தடி நீரைக் காக்கத் தவறியதற்காக உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் இடம்பெற்ற ஒரு சோகமும் இந்த ஒரே வட்டாரத்தில் நிகழ்ந்தவை. இரண்டையும் இணைத்து ஓடுவது குடகனாறு என்னும் ஒரே ஆறு.

2. இதுவரை சொல்லப்பட்டவை

தமிழ்நாட்டின் பொது சுகாதாரத்தைப் பற்றி எழுதியவர்களை மூன்று தரப்பாகப் பிரிக்கலாம்.

முதல் தரப்பு, தமிழ்நாட்டின் தனிச்சிறப்பை அதன் பொது சுகாதாரத் துறையில் காண்கிறது. மருத்துவமனைகளை நடத்தும் துறையிலிருந்து பிரிந்த தனிப் பொது சுகாதார இயக்ககம் இங்கே 1922 முதல் இயங்குகிறது. நோய் வந்தபின் மருந்து கொடுப்பது ஒரு வேலை; நோய் வராமல் தடுப்பது வேறு வேலை, அதற்குத் தனிப் பயிற்சி பெற்றவர்களும் தனிப் பணித்தொகுப்பும் வேண்டும் என்ற எண்ணம் நூறாண்டு கடந்தும் நிலைத்திருக்கிறது. உலக வங்கியில் பணிபுரிந்த மோனிகா தாஸ் குப்தாவும் அவருடைய சக ஆய்வாளர்களும் இந்தப் பணித்தொகுப்பையும் 1939ஆம் ஆண்டின் பொது சுகாதாரச் சட்டத்தையும் சுட்டிக்காட்டி, பிற மாநிலங்கள் தமிழ்நாட்டிடம் கற்க வேண்டும் என்று வாதிட்டனர்.

இரண்டாம் தரப்பு உள்ளாட்சியின் பக்கம் நின்று பேசுகிறது. 1992இல் நிறைவேறிய 74ஆம் அரசியலமைப்புத் திருத்தம் பன்னிரண்டாம் அட்டவணையைச் சேர்த்தது. குடிநீர், பொது சுகாதாரம், துப்புரவு, திடக்கழிவு மேலாண்மை ஆகியவை நகர உள்ளாட்சிக்கு உரியவை என்று அதில் எழுதப்பட்டிருக்கிறது. எழுத்தில் வந்த அதிகாரம் நடைமுறையில் வரவில்லை என்பது இத்தரப்பின் குறை.

மூன்றாம் தரப்பு சுற்றுச்சூழல் சட்ட வல்லுநர்களுடையது. 1996இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய வேலூர் குடிமக்கள் நல அமைப்பு வழக்கின் தீர்ப்பு இவர்களுக்கு ஒரு மைல்கல். முன்னெச்சரிக்கைக் கொள்கையும் மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கையும் இந்திய நாட்டுச் சட்டத்தின் பகுதிகள் என்று அந்தத் தீர்ப்பு அறிவித்தது.

மூன்று தரப்பும் சொல்வதில் உண்மை உண்டு. ஆனால் ஒவ்வொன்றும் தன் துறையின் எல்லையில் நின்றுவிடுகிறது. வலுவான சுகாதாரத் துறையும் வலுவான சட்டமும் இருந்த மாநிலத்தில், ஒரு நகரத்தைச் சுற்றிய கிணறுகள் பல்லாண்டுகளாகக் கெட்டுப்போனது எப்படி என்பதை முதல் தரப்பு கேட்பதில்லை. கிணறு கெட்டபோது உள்ளூர் சுகாதார அதிகாரி எங்கே இருந்தார் என்பதை மூன்றாம் தரப்பு கேட்பதில்லை. இந்த இடைவெளியில்தான் நம் கேள்வி நிற்கிறது.

3. நகராட்சியிலிருந்து 1939 சட்டம் வரை

1865ஆம் ஆண்டின் நகர மேம்பாட்டுச் சட்டத்தைத் தொடர்ந்து 1866இல் திண்டுக்கல் நகராட்சி ஆனது. அந்நாளைய நகராட்சிகளின் முதல் வேலைகள் தெருப்பெருக்கல், சாக்கடை, விளக்கு, தடுப்பூசி. கிராமப்புறத்தை ஜில்லா போர்டும் தாலுகா போர்டும் பார்த்துக்கொண்டன. 1884இல் வந்த உள்ளாட்சிச் சட்டத்தால் உருவான இந்தப் போர்டுகளின் நினைவு, ‘போர்டு ஸ்கூல்’ என்ற சொல்லில் முதியவர்களிடம் இன்னும் இருக்கிறது. தாலுகா போர்டுகள் 1930களில் கலைக்கப்பட்டன. 1958ஆம் ஆண்டின் பஞ்சாயத்துச் சட்டத்தோடு ஜில்லா போர்டுகளும் மறைந்தன.

இந்த வரலாற்றின் நடுவே 1939 நிற்கிறது. ராஜாஜி அமைச்சரவையில் சுகாதாரத்தைக் கவனித்தவர் ஸ்ரீரங்கத்து மருத்துவர் டி.எஸ்.எஸ்.ராஜன். அக்காலத்தில் நிறைவேறிய சென்னை மாகாணப் பொது சுகாதாரச் சட்டம் இந்தியாவிலேயே இவ்வகையில் முதலாவது. குடிநீர், வடிகால், கழிப்பிடம், பொதுத்தொல்லை நீக்கம், தொற்றுநோய் அறிவிப்பு, கொசு ஒழிப்பு, தங்கும் விடுதி, உணவுக் கட்டுப்பாடு, சந்தை, திருவிழா என்று மனித வாழ்வைத் தொடும் அத்தனையையும் அது ஒரே சட்டத்துக்குள் கொண்டுவந்தது. அவற்றையெல்லாம் உள்ளாட்சி என்ற ஒரே அமைப்பின் கடமையாகவும் ஆக்கியது. அந்த அமைப்புக்குக் கண்ணாக ஒரு சுகாதார அதிகாரி இருந்தார். கெட்ட கிணற்றை மூடவும், தொல்லை தரும் தொழிலை நிறுத்த நோட்டீஸ் கொடுக்கவும், நோயுற்றவரைத் தனிமைப்படுத்தவும் சட்டம் வழிசெய்தது.

சட்டத்தின் நிதி அத்தியாயம் இன்னும் கூர்மையானது. அரசு மானியம் நீங்கலாகத் தன் வருமானத்தில் 30 சதவீதத்துக்குக் குறையாமல் நகராட்சி பொது சுகாதாரத்துக்கு ஒதுக்க வேண்டும். அன்றிருந்த ஜில்லா போர்டு 12.5 சதவீதம் ஒதுக்க வேண்டியிருந்தது. 1946இல் அறிக்கை தந்த போர் (Bhore) சுகாதாரக் குழு நாடு முழுவதுக்கும் பரிந்துரைத்த அளவும் இதுவே. பணமில்லாத கடமை வெறும் அறிவுரையாகிவிடும் என்பதைச் சட்டத்தை எழுதியவர்கள் அறிந்திருந்தார்கள்.

சட்டத்தின் திருவிழா அத்தியாயம் நம் கேள்விக்கு நேரடியான பதில் ஒன்றை வைத்திருக்கிறது. பெருங்கூட்டம் கூடும் திருவிழாவை அரசு அறிவிக்கை செய்யலாம். அப்படிச் செய்தால் குடிநீர், கழிப்பிடம், துப்புரவு ஆட்கள், தனிமைக்கூடம், தங்குமிடம் ஆகிய எல்லாவற்றையும் ஒரே ஏற்பாட்டின் கீழ்க் கொண்டுவர வேண்டும். இந்த மாவட்டத்தின் பழநியைப் பாருங்கள். தைப்பூசத்துக்காகத் திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாகப் பாதயாத்திரைக் கூட்டம் நாள்கணக்கில் நடந்து போகிறது. பக்தர்கள் நடக்கும் பாதையில் காலரா கூடவே நடந்த காலம் ஒன்று இருந்தது. இன்று அந்தச் சாலையோரத்தில் தண்ணீர்த் தொட்டியும் மருத்துவ முகாமும் தற்காலிகக் கழிப்பிடமும் வரிசையாக நிற்கின்றன. திருவிழாவின் பத்து நாட்களுக்குக் கண்ணையும் கையையும் ஒன்றுசேர்க்க நம்மால் முடிகிறது. ஆண்டின் மற்ற நாட்களில் அது ஏன் முடியவில்லை?

காரணம், 1939க்குப் பின் வந்த ஒவ்வொரு சீர்திருத்தமும் அந்த ஒற்றைக் கடமையிலிருந்து ஒவ்வொரு துண்டாகப் பிரித்து எடுத்தது. 1971இல் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் உருவானது. பெரிய குடிநீர்த் திட்டங்கள் அதன் கைக்குப் போயின. 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் வழியில் 1982இல் மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் வந்தது. ஆலைக் கழிவு அதன் பொறுப்பானது. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2011இல் நடைமுறைக்கு வந்தபோது உணவுக் கலப்படத்தைப் பிடிக்கும் அதிகாரம் தனித் துறைக்கு மாறியது. 2014இல் திண்டுக்கல் மாநகராட்சி ஆனது. 1998ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டம் 2023இல் விதிகளோடு செயலுக்கு வந்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனித்தனியே நியாயம் இருந்தது. ஆனால் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், 1939இல் ஒரே மேசையில் இருந்த வேலை இன்று பல அலுவலகங்களில் பரவிக் கிடக்கிறது.

4. ஆத்தூர்: வாசல் வரை வந்த சுகாதாரம்

திண்டுக்கல்லிலிருந்து மதுரை போகும் வழியில் சின்னாளபட்டி இருக்கிறது. சுங்குடிச் சேலைக்குப் பெயர்பெற்ற நெசவாளர் ஊர். மருத்துவர் டி.எஸ்.சௌந்தரம் 1940களில் இங்கே வந்து மிகச் சிறிய அளவில் ஒரு மருத்துவ நிலையத்தைத் தொடங்கினார். தொழிலதிபர் டி.வி.சுந்தரம் அய்யங்காரின் மகளான அவர், டெல்லி லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியில் மருத்துவம் படித்தவர், காந்தியரான ஜி.ராமச்சந்திரனின் மனைவி. 1947இல் இருவரும் காந்திகிராமத்தை நிறுவினார்கள். அந்தச் சிறு நிலையம் கஸ்தூர்பா மருத்துவமனையாக வளர்ந்தது. பின்னர் சட்டமன்ற உறுப்பினராகவும், 1962இல் திண்டுக்கல்லின் நாடாளுமன்ற உறுப்பினராகவும், மத்தியக் கல்வித் துறைத் துணை அமைச்சராகவும் சௌந்தரம் இருந்தார்.

1959இல், காந்திகிராமம் அமைந்த ஆத்தூர் ஒன்றியத்தில் ஒரு முன்னோடிச் சுகாதாரத் திட்டம் தொடங்கப்பட்டது. ஏறத்தாழ ஒரு லட்சம் மக்கள் வாழ்ந்த பகுதி அது. தாய்சேய் நலமும் குடும்பநலமும் அதன் மையம். வீடுவீடாகப் பதிவேடு எழுதினார்கள். ஊரில் யார் சொன்னால் பிறர் கேட்பார்களோ அவரைக் கண்டுபிடித்து அவர் மூலம் பேசினார்கள். களப்பணியாளர் தன் பகுதியை முழுமையாக அறிந்திருக்க வேண்டும் என்பதை விதியாக்கினார்கள். பத்தாண்டுக்குள் பிறப்பு விகிதம் தெளிவாகச் சரிந்தது. ‘ஆத்தூர் அனுபவம்’ என்ற பெயரில் இது நாடெங்கும் பேசப்பட்டது. 1964இல் ஃபோர்டு அறக்கட்டளை, மத்திய, மாநில அரசுகள் ஆகியவற்றின் உதவியோடு காந்திகிராம ஊரக சுகாதார, குடும்பநல நிறுவனம் உருவானது. அம்பாத்துரையில் உள்ள அந்த நிறுவனம் இன்றும் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி தருகிறது.

இந்த முயற்சியை இரண்டு விதமாகப் படிக்கலாம். வழக்கமான வாசிப்பு, இதைக் குடும்பக் கட்டுப்பாட்டின் வெற்றியாகப் பார்க்கிறது. அப்படிப் பார்த்தால் ஒரு விமர்சனமும் உடன் எழும். 1960களின் திட்டங்கள் மக்கள்தொகை எண்ணிக்கையை இலக்காக வைத்தன; அந்த இலக்கின் சுமை பெண்ணின் உடல்மேல் விழுந்தது; தண்ணீரும் சாக்கடையும் இரண்டாம் இடத்துக்குப் போயின. இந்த விமர்சனத்தை ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் நான் முக்கியமாகக் கருதுவது வேறொன்று. ஆத்தூரில் பார்த்தவரும் செய்தவரும் ஒருவராகவே இருந்தார். வீட்டில் கருவுற்ற பெண் இருக்கிறாள் என்று பதிவேட்டில் எழுதிய செவிலியர்தான் அவளுக்குப் பேறுகாலம் பார்த்தார், அல்லது மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். தகவல் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் பயணம் செய்யவில்லை. அது பிறந்த இடத்திலேயே செயலாக மாறியது. ஆத்தூரின் வெற்றிக்கு அமைப்பியல் காரணம் இதுவே என்பது என் வாதம். ஊர்மக்களின் நம்பிக்கையும் இதிலிருந்துதான் பிறந்தது. சொன்னால் நடக்கும் என்று தெரிந்தவரிடம்தான் மக்கள் சொல்வார்கள்.

5. 467 கிணறுகள்

அதே ஆத்தூரில் குடகனாற்றின் குறுக்கே காமராஜர் அணை இருக்கிறது. திண்டுக்கல் நகரம் நெடுங்காலமாகக் குடித்தது அந்தத் தண்ணீரை. ஆறு அங்கிருந்து சமவெளிக்கு இறங்கி, வேடசந்தூர்ப் பக்கம் போய் அமராவதியோடு சேர்கிறது. ஆத்தூருக்குக் கீழே, திண்டுக்கல்லைச் சுற்றிய அதே வடிநிலத்தில், வேறொரு கதை நடந்தது.

திண்டுக்கல்லின் தோல் தொழில் பழமையானது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட தோலுக்கு இந்த ஊர் பெயர்பெற்றது. உள்ளூரில் ‘தோல் ஷாப்’ என்று சொல்லப்படும் ஆலைகள் பேகம்பூரிலும் ஊரைவிட்டு வெளியேறும் சாலைகளின் ஓரத்திலும் வளர்ந்தன. பின்னர் குரோமியத்தால் பதனிடும் முறை வந்தது. ஹைதராபாத்திலுள்ள தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2005இல் வெளியிட்ட ஆய்வு, மேல் குடகனாற்று வடிநிலத்தில் ஏறத்தாழ 80 ஆலைகள் இயங்குவதாகக் குறிப்பிடுகிறது.

தோல் ஆலை என்றதும் பலருக்கும் குரோமியம் நினைவுக்கு வரும். கிணற்றைக் கெடுப்பதில் அதற்கு இணையான பங்கு சாதாரண உப்புக்கு உண்டு. பச்சைத் தோல் அழுகாமலிருக்க அதன்மேல் உப்பைத் தடவி ஆலைக்கு அனுப்புகிறார்கள். ஆலையில் முதல் வேலை தோலை ஊறவைத்து அந்த உப்பைக் கழுவுவது. அடுத்து சுண்ணாம்புத் தொட்டி, பிறகு பதனிடல். உப்பு கரைந்த கழிவுநீரை நுண்ணுயிர்களை வைத்துச் சுத்தம் செய்ய முடியாது. அழுக்கு குறையும், நாற்றம் குறையும், உப்பு அப்படியே இருக்கும். அதைப் பிரித்தெடுக்கச் சவ்வு வழியாக வடிகட்டும் செலவு மிகுந்த முறை வேண்டும்.

நிலமும் உதவவில்லை. திண்டுக்கல் சமவெளி கெட்டிப் பாறை நிலம். மேலே சிதைந்த பாறையின் மெல்லிய அடுக்கு, கீழே வெடிப்புகள். அந்த வெடிப்புகளில் தேங்கும் தண்ணீரே கிணற்றின் ஊற்று. ஆற்று மணல் படிந்த நிலத்தைப் போல் இங்கே கழிவு நீர்த்துப்போக வழியில்லை. ஒருமுறை உள்ளே போன உப்பு பல பருவமழைகளைத் தாண்டியும் அங்கேயே இருக்கும். முதலில் தண்ணீர் கரிக்கும். பிறகு அதில் பருப்பு வேகாது. பிறகு தென்னை காய்ப்பதை நிறுத்தும். ஒரு குடும்பம் தன் கிணற்றை இழப்பது இப்படிப் படிப்படியாகத்தான்.

1991இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போன வேலூர் வழக்கின் தீர்ப்பு 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்தது. பாலாற்றைப் பற்றிய வழக்கு என்றே அதைப் பொதுவாக நினைவில் வைத்திருக்கிறோம். அதன் தொடக்கப் பக்கங்களிலேயே திண்டுக்கல் வருகிறது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் வட்டாரத்தின் 13 கிராமங்களில் ஒரு தொண்டு நிறுவனம் எடுத்த கணக்கெடுப்பைத் தீர்ப்பு எடுத்துக்காட்டுகிறது. குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுவிட்டன. பெண்களும் குழந்தைகளும் குடிநீருக்காக மைல்கணக்கில் நடக்கிறார்கள் என்பது அதன் முடிவு. நான்கு கிணற்றுக்கு மூன்று கிணறு என்ற கணக்கு அது.

நீதிமன்றம் திண்டுக்கல் உட்பட ஐந்து மாவட்டங்களின் ஒவ்வொரு தோல் ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. சுத்திகரிப்பு ஏற்பாடு இல்லாத ஆலைகளை மூடச் சொன்னது. பாதிக்கப்பட்டவர்களைக் கண்டறிந்து இழப்பீடு நிர்ணயிக்க 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ப் புதிய ஆணையம் அமைக்க ஆணையிட்டது. நீர்நிலைகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இத்தகைய ஆலைகளை அமைக்கக் கூடாது என்று 1989இல் அரசு போட்ட ஆணையைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தவும் சொன்னது.

இந்தத் தீர்ப்பின் பெருமையைக் குறைக்க யாராலும் முடியாது. ஆனால் நம் கேள்வியோடு அதைப் படித்தால் இரண்டு விஷயங்கள் தெரிகின்றன. முதலாவது, கிணறுகளை எண்ணியது அரசு அலுவலகம் அல்ல, ஒரு தொண்டு நிறுவனம். கிணற்றுத் தண்ணீரின் பாதுகாப்பை 1939 முதல் சட்டம் உள்ளாட்சியிடம் கொடுத்திருந்தும், நீதிமன்றத்தின் முன் சாட்சியாக நின்ற எண் வெளியிலிருந்து வந்தது. இரண்டாவது, தீர்வு என்று வந்ததும் புதிய ஆணையம் ஒன்றே தேவைப்பட்டது. இருந்த உள்ளூர் அமைப்பைத் தட்டி எழுப்ப முடியும் என்ற நம்பிக்கை யாருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை.

எல்லைக்கோடும் ஒரு காரணம். ஆலையும் வணிகமும் நகரத்தோடு பிணைந்தவை. கெட்ட கிணறு ஊராட்சி ஒன்றியத்தில். நகராட்சியின் கண்ணுக்கு அந்தக் கிணறு தன் எல்லைக்கு வெளியே. ஒன்றியத்தின் கைக்கு ஆலை எட்டாத தூரத்தில். தண்ணீர் மட்டும் எந்த எல்லையையும் மதிக்காமல் பாறை வெடிப்பின் வழியே போய்க்கொண்டிருந்தது.

6. டிரம்மும் கொசுப்புழுவும்

இது பழைய கதை, இன்று நிலைமை வேறு என்று சொல்லலாம். அதனால் இன்றைய ஓர் உதாரணத்தையும் பார்ப்போம்.

2011 கணக்கெடுப்பின்படி திண்டுக்கல் நகரில் 2,07,327 பேர் வாழ்ந்தார்கள். நகரின் பரப்பு ஏறத்தாழ 14 சதுர கிலோமீட்டர். இப்படி நெருங்கி வாழும் ஊரில் குழாயில் தண்ணீர் வரும் நாளை எண்ணிக் காத்திருப்பது பல தலைமுறைகளின் பழக்கம். தண்ணீர் வரும் நாளில் வீட்டிலுள்ள டிரம், சிமெண்ட் தொட்டி, குடம், அண்டா எல்லாம் நிரம்பும்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை புழுவாகி, கூட்டுப்புழுவாகி, பறக்கும் கொசுவாக ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை ஆகும். அதனால்தான் வாரம் ஒருமுறை தொட்டியைக் காலிசெய்து தேய்த்துக் கழுவச் சொல்கிறார்கள். கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர் டார்ச் விளக்கோடு வந்து டிரம்முக்குள் எட்டிப் பார்க்கிறார். புழு நெளிந்தால் அபேட் மருந்தை ஊற்றுகிறார். சுவரில் தேதியைக் குறித்துவிட்டுப் போகிறார்.

இப்போது ஒரு குடும்பத்தின் நிலையில் நின்று யோசியுங்கள். வாரத்துக்கு மேல் இடைவெளி விட்டுத் தண்ணீர் வரும் தெருவில், ஏழாம் நாள் டிரம்மைக் காலிசெய் என்று சொன்னால் அந்தத் தாய் என்ன செய்வாள்? அடுத்த முறை எப்போது வரும் என்று தெரியாத தண்ணீரை அவள் கொட்டமாட்டாள். அவளை அறியாமை உள்ளவள் என்று சொல்வது அநியாயம். தண்ணீர் விநியோகத்தின் இடைவெளி கொசுவின் வாழ்க்கைச் சுழற்சியைவிட நீளமாகும் இடத்தில், டெங்கு தடுப்பு என்பது பொறியியல் பிரிவின் வால்வு அட்டவணைக்குள் அடங்கிய விஷயம். ஆனால் வால்வைத் திறக்கும் பிரிவின் அறிக்கையில் கொசு என்ற சொல் இடம்பெறுவதில்லை. கொசுவைத் தேடும் பிரிவின் அறிக்கையில் வால்வு இடம்பெறுவதில்லை. அந்தத் தாய்க்கு அபராத நோட்டீஸ் கொடுக்கும் அதிகாரம் மட்டும் அமைப்பிடம் இருக்கிறது.

கிணறு கெட்டபோது நடந்ததன் சிறிய வடிவமே இது. பார்க்கிறவர் ஒருவர், தடுக்கக்கூடியவர் வேறொருவர். நடுவில் மாட்டிக்கொள்கிறவர் ஊர்க்காரர்.

7. மறுப்புகளை எடைபோடல்

இந்த வாதத்துக்கு மூன்று வலுவான மறுப்புகள் உண்டு.

முதல் மறுப்பு நிபுணத்துவம் சார்ந்தது. குரோமியத்தை அளக்க ஆய்வுக்கூடம் வேண்டும். தொலைவிலிருந்து தண்ணீர் கொண்டுவரப் பெரிய பொறியியல் வேண்டும். ஒரு மாநகர்நல அலுவலரால் இதையெல்லாம் செய்ய முடியாது. இது சரி. 1939க்கு அப்படியே திரும்பிப் போவது நடக்காது, நடக்கவும் கூடாது. தனித்தனி வாரியங்கள் வந்ததால் திறன் கூடியது என்பதை ஏற்றே ஆக வேண்டும்.

இரண்டாம் மறுப்பு அதிகாரத்தின் அரசியல் சார்ந்தது. உள்ளூர் அமைப்பு உள்ளூர்ச் செல்வாக்குக்குப் பணியும். ஆலை முதலாளியும் கவுன்சிலரும் ஒரே தெருவில் வாழும் ஊரில், ஆலைக்கு நோட்டீஸ் கொடுக்கும் துணிவு சுகாதார அதிகாரிக்கு வருமா? இதுவும் பொருட்படுத்த வேண்டிய கேள்வி. ஆனால் தொலைவிலுள்ள வாரியம் செல்வாக்குக்குப் பணியாது என்பதற்கும் உத்தரவாதமில்லை. மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் 1982 முதல் இருந்தும் 1996இல் நீதிமன்றம் தலையிட வேண்டிவந்தது. செல்வாக்கை வெல்லும் ஒரே மருந்து, ஊர் முழுவதும் பார்க்கும்படியான வெளிப்படைத்தன்மை.

மூன்றாம் மறுப்பு வேலைவாய்ப்பு சார்ந்தது. தோல் ஷாப்பை மூடினால் அங்கே வேலை செய்யும் ஏழைத் தொழிலாளி தெருவுக்கு வருவார். இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. சுண்ணாம்புத் தொட்டியில் கை நனைத்து வேலை செய்பவரும், கெட்ட கிணற்றிலிருந்து தண்ணீர் இறைப்பவரும் பெரும்பாலும் ஒரே ஏழ்மையைச் சேர்ந்தவர்கள். முதல்நிலையிலேயே ஆபத்தைப் பார்த்துத் தடுக்கும் அமைப்பு இருந்திருந்தால் மூடல் என்ற கடைசி ஆயுதம் தேவைப்பட்டிருக்காது. தாமதமாக வரும் தீர்வுதான் தொழிலாளியை அதிகம் தண்டிக்கிறது.

8. முடிவாக

திண்டுக்கல்லின் அனுபவத்திலிருந்து நான் வந்தடையும் இடம் இது. ஒரு வட்டாரத்தின் பாதுகாப்பு, அங்கே எத்தனை துறைகள் இருக்கின்றன என்பதைப் பொறுத்ததல்ல. ஆபத்தை முதலில் காண்பவருக்கும் அதை நிறுத்தக்கூடியவருக்கும் இடையே எத்தனை மேசைகள் இருக்கின்றன என்பதைப் பொறுத்தது. ஆத்தூரில் அந்தத் தூரம் ஏறக்குறைய இல்லை. கெட்ட கிணறுகளுக்கும் தீர்வுக்கும் இடையிலோ உச்ச நீதிமன்றம் வரை தூரம் இருந்தது.

இந்தத் தூரத்தைக் குறைக்கப் புதிய சட்டம் தேவையில்லை. இருப்பதைக் கொண்டே மூன்று காரியங்களைச் செய்யலாம். ஒன்று, மாநகராட்சியும் சுற்றியுள்ள ஊராட்சி ஒன்றியங்களும் குடிநீர் வாரியமும் மாசுக்கட்டுப்பாட்டு வாரியமும் மாவட்டச் சுகாதார அலுவலரின் தலைமையில் மாதம் ஒருமுறை ஒரே மேசையில் அமர வேண்டும். நகர எல்லையைத் தாண்டி, குடகனாற்று வடிநிலம் முழுவதும் அந்த மேசையின் ஆட்சிப்பகுதியாக வேண்டும். தைப்பூசத்துக்குச் செய்வதை ஆண்டு முழுவதும் செய்வதே இது. இரண்டு, கடைசி வீட்டுக் குழாயின் குளோரின் அளவும் கண்காணிப்புக் கிணறுகளின் உப்பு அளவும் வார்டு அலுவலகச் சுவரிலும் ஊராட்சி அலுவலகச் சுவரிலும் தமிழில் எழுதப்பட வேண்டும். சுவரில் எழுதிய எண்ணை யாரும் கோப்புக்குள் மறைக்க முடியாது. மூன்று, 30 சதவீத ஒதுக்கீடு எங்கே போகிறது என்பதை மாநகராட்சி தன் பட்ஜெட்டில் தனித் தலைப்பில் காட்ட வேண்டும்.

இவற்றோடு தூய்மைப் பணியாளரையும் கொசுப்புழு ஒழிப்புப் பணியாளரையும் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. ஊரின் ஒவ்வொரு சாக்கடையையும் ஒவ்வொரு டிரம்மையும் தினமும் நேரில் பார்ப்பவர்கள் அவர்கள். அமைப்பின் உண்மையான கண்கள் அவர்களே. தமிழ்நாட்டின் பல நகரங்களில் இந்த வேலை ஒப்பந்தக்காரரிடம் போய்விட்டது. நாளை வேலை இருக்குமா என்று அஞ்சுபவர், இன்று கண்டதைத் துணிந்து சொல்லமாட்டார். அவர்களுடைய வேலைப் பாதுகாப்பு ஊரின் பாதுகாப்போடு நேரடியாகப் பிணைந்தது.

மீண்டும் அந்தக் குழாயடிக்கு வருவோம். கண்ணாடிக் குழலில் தண்ணீர் நிறம் மாறவில்லை. ஆய்வாளர் தன் கைப்பேசியை எடுத்து வால்வுப் பணியாளரை அழைக்கிறார், தண்ணீர் நிறுத்தப்படுகிறது, அன்று மதியத்துக்குள் தெருவுக்கு லாரித் தண்ணீர் வருகிறது, உடைந்த இடம் தோண்டப்படுகிறது, மறுநாள் சுவரில் புதிய எண் எழுதப்படுகிறது. 1939இல் சட்டம் எழுதியவர்கள் மனத்தில் கண்ட ஊர் இதுதான். கடைசி வீட்டுக்காரர் வேண்டுவதும் இதற்கு மேல் எதுவுமில்லை.